தேசம் என்ற கட்டம்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், ரூ பெர்தொனே தெருவில், படிவம் நிரப்பித் தரும் கடையில் நிற்கிறேன். எனக்கு முன்னால், வட அமெரிக்க ஆதிகுடிகளில் ஒன்றான மோஹாக் இனத்துப் பெண் ஒருத்தி. அவளுடைய முன்னோர் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை பேசியபோது கோத்த சிப்பிமணிப் பட்டை இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் பூட்டிக்கிடக்கிறது. அதைப் பார்க்க அனுமதி கேட்கிறாள். 'தேசம்' என்ற கட்டத்தில் கனடா என்று எழுத மட்டும் சம்மதிக்கவில்லை.

"தாங்கள் இங்கிலீசு ராசாவின்ரை குடிகள் இல்லை, சமமான ஆக்கள் எண்டு சொல்லத்தானாம் அந்தப் பட்டையையே கோத்தவை," என்று கடைக்காரர் எனக்கு மொழிபெயர்க்கிறார். "மோஹாக் எண்டு எழுதினால் திருப்பி அனுப்புவினமோ, ஐயா?"

ஊரில் அரசு அலுவலகத்தில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே பதவி உயர்வு வாங்கி ஓய்வுபெற்றவன் நான்.

"கண்டிப்பா அனுப்புவாங்க. காரணத்தை எழுத்துல கேளுங்க. மோஹாக்னு ஒரு தேசமே இல்லைன்னு எவனாவது கையெழுத்துப் போடட்டும், பார்ப்போம்."

கடைக்காரர் அதை அவளிடம் பிரெஞ்சில் சொல்கிறார். அவள் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, கட்டத்தைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பெரிய எழுத்தில் தானே எழுதுகிறாள்.