லைன் லீடர் அக்காவின் மூன்று கேள்விகள்

ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் ஓய்வறையின் கதவைச் சாத்திவிட்டு, எங்கள் லைன் லீடர் அக்கா என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "இப்ப நீதான் டாக்டர். என்னைக் கேளு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி அது. ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்த எனக்கு மூக்கண்டப்பள்ளியில் அறை பார்த்துக் கொடுத்தவர் அக்காதான். அதே மாவட்டத்தில் கல்லாவி என்ற ஊர்க்காரர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் லைனையே அதட்டுகிற குரல். இப்போது நான் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அப்படி ஒரு குரலை அங்கே கேட்டதில்லை. அந்த வருடம் உதிரப்போக்கு நிற்காமல், முகம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டிகள் தெரிந்தன. கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டியிருக்கலாம், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று டாக்டரம்மா அனுப்பியிருந்தார். "கல்யாணமே ஆவல, அத வச்சிக்கினு என்னக்கா பண்ணப் போற?" என்று தம்பி ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம். அதைச் சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன செய்யுது?" என்று டாக்டராகக் கேட்டேன். "அதிகமா ஆவுதுங்க" என்றவருக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று நான் கேட்கக் கேட்கத் தலை தாழ்ந்துகொண்டே போனது. பலமுறை முயன்ற பிறகுதான் மனதில் இருந்தது வெளியே வந்தது. "கட்டிய மட்டும் எடுக்க முடியாதா? எடுத்தே ஆவணும்னா முட்டைப்பையையும் சேத்து எடுத்துருவீங்களா? அப்புறம் என் ஒடம்பு எப்பிடி இருக்கும்?"

சனிக்கிழமை அக்காவுடன் டாக்டரம்மாவிடம் போனேன். தம்பியும் வந்துவிட்டார். "என்ன முடிவு பண்ணீங்க?" என்று டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தபடி கேட்டதும், "எடுத்துடுங்க மேடம்" என்றார் தம்பி. மேசைக்கு அடியில் அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. அவ்வளவுதான், பழகியதெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

"நீ வெளிய இரு" என்றார் அக்கா.

என்னைத்தான் சொல்கிறாரென்று எழுந்தேன்.

"நீ இல்ல. அவன்."

கதவு சாத்தியதும், குரல் நடுங்க நடுங்க, மூன்றையும் கேட்டுவிட்டார். டாக்டரம்மா ஸ்கேனை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். கட்டிகளை மட்டும் எடுக்கலாம், ஆனால் நிறைய இருக்கின்றன, மறுபடியும் வரலாம். முட்டைப்பைகள் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டியதில்லை. அதனால் உடம்பு ஒரேயடியாக மாறிவிடாது. எதுவானாலும் முதலில் ரத்தம் ஏறட்டும். அதுவரை மாத்திரை சாப்பிடுங்கள், யோசியுங்கள்.

அக்கா யோசித்தார். சில மாதம் மாத்திரை சாப்பிட்டும் உதிரப்போக்கு நிற்காமல் போகவே, எடுத்துவிடுங்கள் என்று அவரே போய்ச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து பார்க்க வந்த தம்பி, "நான் அன்னிக்கே இதத்தான சொன்னன்?" என்றார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பி போன பிறகு மெல்ல என்னிடம் சொன்னார்:

"அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு இருக்கான்."