எடுக்காத லீவும் போடாத மாலையும்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் ஏஜன்சியில் தட்டெழுத்தாளராக இருந்தேன். கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போவதால் வேலையை விட்டேன். கடைசி நாள் காலையில், எடுக்காத லீவுக்குரிய சம்பளத்தைக் கேட்டேன்.

"லீவெல்லாம் எடுத்து முடிச்சிட்டீங்கள், பிள்ளை" என்றார் மனேஜர், தலை நிமிராமல்.

பின்னேரம் பிரியாவிடை. வடையும் தேத்தண்ணியும் வந்தன. மனேஜர் எனக்குப் போட வாங்கிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"இப்படி ஒரு நல்ல பிள்ளையைக் காண ஏலாது. காய்ச்சலோடயும் வேலைக்கு வந்தவ. ஒரு நாளாவது லீவு எடுத்திருப்பாவோ? இல்லை!"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழும்பினேன்.

"ஐயா, காலமை லீவு முடிஞ்சுதெண்டு சொன்னனீங்கள். இப்ப ஒரு நாளும் எடுக்கேல்லை எண்டுறீங்கள். எது உண்மை? அதைச் சொல்லிப்போட்டு மாலையைப் போடுங்கோ."

கிண்ணியாவிலிருந்து வரும் கிளார்க், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம் ஐயா, எங்களுக்கும் தெரியவேணும்."

மனேஜர் மாலையை மேசையில் போட்டுவிட்டு வெளியே போனார். லீவுச் சம்பளம் பிறகு மணியோடரில் வந்து சேர்ந்தது.

நல்ல பிள்ளை என்ற பெயரையும் அந்த மாலையோடு அந்த மேசையிலேயே விட்டுவந்தேன். இன்றுவரை அதைத் திருப்பிக் கேட்கவில்லை.