ரெண்டு மோட்டார், ஏற்கெனவே பிரித்த ஒரு பார்சல்

அந்தோணி நல்ல மோட்டாரைத் தனக்கு வைத்துக்கொண்டு, சப்பை மோட்டாரை என் தலையில் கட்டிவிட்டான் என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சூடான கம்பி பட்டு ஃபோம் ஷீட் உருகும் வாசனை... அதை நினைத்தாலே அந்த மூன்று வாரம்தான் ஞாபகம் வருகிறது.

அப்போது நான் டூவீலரில் பம்ப் ஸ்பேர் விற்றுக்கொண்டிருந்தேன். அவிநாசி ஒரு நாள், உடுமலை ஒரு நாள். அந்தோணியும் அதே தொழில், வேறு லைன். பம்ப் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டைச் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை சூடான கம்பியால் அறுத்து ரிமோட் பிளேன் செய்வோம். சரவணம்பட்டிக்குப் பின்னால் வீடு வராத சைட்டில் பறக்கவிடுவோம்.

மோட்டார் எடுப்பதில் மட்டும் அவசரப்படவில்லை. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கணக்கு. வேகமாகச் சுற்றுகிற மோட்டாருக்குச் சின்ன விசிறி, நிதானமாகச் சுற்றுவதற்குப் பெரிய விசிறி. போர்வெல் ஆழம் பார்த்து பம்ப் போடுவது மாதிரிதான். எங்கள் பிளேன் கனம். ஆயிரம் சுற்று மோட்டார், பத்து இஞ்ச் விசிறி என்று முடிவு செய்து, ஒரே மாதிரி ரெண்டு செட் ஆர்டர் போட்டோம். பார்சல் அந்தோணி வீட்டுக்கு வந்தது.

நான் போனபோது டேப் வெட்டியிருந்தது.

"ஏன்டா பிரிச்ச?"

"உடைஞ்சு கிடைஞ்சு வந்திருக்குதான்னு பார்த்தேன் மாப்ள. இந்தா, இது உன்றது."

எதை எடுக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தான். சரக்கு வாங்கி விற்கிறவனுக்குச் சந்தேகப்பட இது போதாதா?

அவன் மோட்டாரை மூக்கில் மாட்டினான். என் பழைய பிளேன் நாலு தடவை மூக்கு நசுங்கி ஷாஃப்ட் வளைந்ததால், நான் புது மோட்டாரை இறக்கைக்குப் பின்னால், வால் பக்கம் பார்த்து மாட்டினேன். பேலன்ஸுக்கு பேட்டரியை முன்னால் தள்ளினேன். போட்டுப் பார்த்தால் பிளேன் பின்னாலே போனது. மூன்று ஒயரில் ரெண்டை மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது. த்ரீ பேஸ் பம்ப் ரிவர்ஸில் ஓடினால் எல்லாரும் இதைத்தானே செய்வோம்?

ஞாயிறு வந்தது. அந்தோணியின் பிளேன் கையை விட்டதும் ஏறியது. என்னுடையது முனகிக்கொண்டே போய் வேலிமுள்ளில் உட்கார்ந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை.

"உனக்கு ராசியில்ல மாப்ள" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பில் கேட்டேன், தேடிப் பார்க்கிறேன் என்றான். மோட்டார் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் மார்க்கரில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன், திரும்ப மாற்றிவிடுவானோ என்று. விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். அடுத்த புதன்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் கூட்டாக பம்ப் ஸ்பேர் கடை போட ஓர் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தோம். மோட்டாரில் கை வைக்கிறவன் நாளைக்குச் சரக்கில் கை வைக்க மாட்டானா? கடையே வேண்டாம் என்று சொல்லத்தான் மூன்றாவது ஞாயிறு போனேன்.

போகும்போது ஸ்பிரிங் தராசையும் எடுத்துப் போனேன். வாலில் கயிறு கட்டி, தராசில் மாட்டி, ஃபுல் ஸ்பீடு கொடுத்தோம். அவன் பிளேன் எண்ணூறு கிராமுக்கு மேல் இழுத்தது. என்னுடையது முந்நூறு.

"ஒரே சரக்கா இது?" என்றேன்.

அந்தோணி தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ரெண்டையும் மாத்தி மாட்டிப் பார்த்துப்போடலாமுங்க."

ங்க போட்டான். மாப்ள போய்விட்டது. எங்கள் பக்கம் மனசு கசந்தால் மரியாதை கூடும்.

விசிறிகளை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்றினோம். என் மோட்டார் அவன் பிளேனில் எண்ணூறைத் தாண்டியது. அவன் மோட்டார் என் பிளேனில் முந்நூறோடு நின்றது.

அவன் குனிந்து என் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பர் எங்க பாக்குதுங்க?"

விசிறியில் அச்சடித்த நம்பர் பிளேன் போகிற பக்கம் பார்க்க வேண்டும். என்னுடையது வாலைப் பார்த்தது. மோட்டாரைப் பின்னால் திருப்பியபோது விசிறியும் கூடவே திரும்பிவிட்டது. ஒயரை மாற்றினேன், விசிறியைத் திருப்பி மாட்டவில்லை. பம்ப்காரன் புத்தி, சுற்று சரியானால் எல்லாம் சரி என்று விட்டுவிட்டேன்.

திருப்பி மாட்டினான். தராசு எண்ணூறைத் தொட்டது.

"அடியில புள்ளி வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது" என்றான், தலை நிமிராமல்.

"ஆமா, வெச்சேன்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

பிளேனை என் கையில் கொடுத்தான். விட்டேன். ஏறியது... அன்றைக்குப் பார்த்து ரெண்டு பேருமே அதை அண்ணாந்து ரசிக்கிற நிலைமையில் இல்லை. இறக்கிய பிறகுதான் கேட்டேன்.

"புதன்கிழமை வர்றியா?"

"வாரேன். ஒரே ஒரு கண்டிசன் இருக்குது."

இப்போது பிளேன் ரெடிமேடாக வருகிறது. மோட்டார், விசிறி எல்லாம் மாட்டியே கொடுத்துவிடுகிறார்கள், தப்பு செய்ய இடமே இல்லை. பார்சல் பிரிக்கும்போது ஆதாரத்துக்கு வீடியோ எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பறக்கவிட்ட சைட்டில் அபார்ட்மென்ட் நிற்கிறது.

நேற்றுக் காலை கடைக்குச் சரக்கு வந்தது. அந்தோணி உடுமலை போயிருந்தான். அவசரம் என்று நின்ற கஸ்டமரை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து வேர்த்த சட்டையோடு கத்தியை எடுத்தான்.

"தொட்டயா மாப்ள?"

"இல்லடா."

அன்றைக்குப் பேசியது அப்படியேதான் இருக்கிறது. லாபத்தில் பாதிக்குப் பாதி. அவன் போட்ட கண்டிசன், டேப் வெட்டும்போது ரெண்டு பேரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.