பூநாரைக்கு அடித்த ஹாரன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் மாரண்டஹள்ளி சர்தார். தக்காளி லாரியில் கிளீனராக ஏறி, சொந்த மெட்டடார் வேனுக்கு முதலாளியாக இறங்கியவர். யார் கையையும் பிடித்து மேலே வரவில்லை, பிடித்ததெல்லாம் ஸ்டீயரிங்தான். இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

வேனைவிட அதன் ஹாரனுக்குப் பேர் அதிகம். பாலக்கோடு மண்டி கண்ணில் பட்டதும் மூன்று முறை நீளமாக அடிப்பார். சுமை இறக்குகிறவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள். வேறு எந்த வண்டிக்கு அப்படி ஓடிவந்தார்கள்?

அவர் மனைவி அஸ்கரி பேகம் கல்யாணமான நாளிலிருந்து எதுவும் கேட்டதில்லை. எண்பத்தாறாம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு ஒன்று கேட்டார். காலண்டர் படத்தில் கடலோரத் தண்ணீரில் ரோஜா நிறத்தில் நின்றுகொண்டிருந்த பூநாரைகளைப் பார்க்க வேண்டும். மகள் ஷகிலா அடுத்த மாதம் கல்யாணமாகி ஓசூர் போய்விடுவாள், அதற்குள் அவளோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

பூநாரைகள் வந்து இறங்கும் கோடியக்கரை தனக்குக் கொல்லைப்புறம் மாதிரி என்று சொல்லிவிட்டார் சர்தார். நாகப்பட்டினத்துக்கு ஒரே ஒரு தடவை லோடு போன தைரியம்.

பக்கத்து வீட்டுப் பச்சியப்பனும் அவர் மனைவி ராமக்காளும் சேர்ந்துகொண்டார்கள். தக்காளிக் கூடைக்குப் பரப்பும் வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்துப் பயணம். விடிந்தபோது வெளியே வேறு உலகம். உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. முறுக்கிய கொம்போடு வெளிமான்கள் புல்வெளியில் மிதப்பதுபோல் தாண்டிப் போயின. பனிக்குள் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் மெல்லிய ரோஜா நிறக் கோடு. அங்கே போய் யார் சேலை காயப்போட்டது என்று ராமக்காள் கேட்டார்.

வந்து சேர்ந்தாயிற்று. சர்தாரின் கை பழக்கத்தில் தானாகப் போனது. மூன்று ஹாரன், நீளமாக.

கோடு ஓர் ஓரத்திலிருந்து பிரிந்தது. பிறகு மொத்தமாக எழுந்து, பனிக்குள் கரைந்து, கடல் பக்கம் போய்விட்டது.

"பாய், லோடு எறக்கியாச்சுங்களா?" என்றார் பச்சியப்பன்.

அஸ்கரி பேகம் பறவைகள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சர்தாருக்கு அதுதான் தாங்கவில்லை. அன்று மத்தியானம் கிளம்பினால்தான் மறுநாள் காலைத் தக்காளியை ஏற்ற முடியும். அவர் சாவியைக் கழற்றி மனைவி கையில் வைத்தார்.

"அதுங்க திரும்பி வர்ற வரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும். தக்காளி போனா போகுது."

வேனை விட்டுத் தள்ளிப் போய்ப் புதர் மறைவில் உட்கார்ந்தார்கள். சர்தார் வாய் மூடியிருந்த பகல் அவர் ஆயுசிலேயே அது ஒன்றுதான். காட்டுக் குதிரைகள் வந்து வேனில் தலையை விட்டு வைக்கோலைத் தின்றன, அதற்கும் அவர் சத்தம் போடவில்லை. தூரத்தில் கடல் தூக்கத்தில் புரள்வதுபோல் இரைந்தது. பச்சியப்பன் நிஜமாகவே தூங்கிப்போனார்.

வெயில் சாய்ந்தபோது ஒன்று வந்து இறங்கியது. பின்னால் நாலைந்து. அப்புறம் வானமே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று தண்ணீரில் விழுவதுபோல் வந்துகொண்டே இருந்தன.

"தலய கவுத்துக்கிட்டு சாப்புடுது பாருடி," என்று மகள் காதில் சொன்னார் அஸ்கரி பேகம். ஷகிலா அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். வெளிச்சம் போகும்வரை அப்படியே இருந்தார்கள்.

கிளம்பும்போது சாவி திரும்பி வந்தது. சர்தார் அதைப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஜின் சத்தம் கேட்டால் மறுபடி எழுந்துவிடுமே. மனைவியை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, அவரும் பச்சியப்பனும் தார் ரோடு வரை வேனைத் தள்ளினார்கள். ஈர மணலில் அஸ்கரி பேகம் வண்டியைக் கோணாமல் கொண்டுபோனார்.

ஊர் திரும்பியதும் சர்தார் தெருவில் நின்று சொன்னார்: "இன்ஜின் போடாம மெட்டடார் ஓட்டுனவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்."

வாசலில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்த அஸ்கரி பேகம் நிமிரவில்லை.

"தள்ளுனது நீங்க. ஓட்டுனது நானுங்க."