தான்றிக்குப் போடாத வளையம்

போன வாரம் கோட்டாற்றில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்குப் போயிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். வயதானவன் திரிபலாச் சூரணம் வாங்கினால் காரணத்தை ஊகித்துக்கொள்வதுதான் மரியாதை. கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது தான்றிக்காய்த் தூளின் துவர்ப்பு மணம் மூக்கில் ஏறியது. உடனே உதடு அரிக்க ஆரம்பித்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய அரிப்பு!

அப்போது தடிக்காரன்கோணத்துக்கு மேலே, காட்டை அழித்து ரப்பர் வைக்கக் கிளம்பிய ஒரு தோட்டத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. தேக்கு, ஈட்டி, சந்தனம் எல்லாம் மகாராஜாவின் மரங்கள். சர்க்கார் உத்தரவு இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அவற்றைக் கண்டுபிடித்து இடுப்புயரத்தில் சுண்ணாம்பால் வளையம் போடுவது என் உத்தியோகம். நிழலுக்கென்று வேறு மரம் ஒன்றிரண்டை விடவேண்டுமானால் மேனேஜரிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்கலாம். வளையம் போட்ட மரம் பிழைக்கும். போடாதது விழும்.

இத்தனை பெரிய அதிகாரத்தை யார் கையில் கொடுத்தார்கள் பாருங்கள்! நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவன் நான். கதவைத் தட்டிப் பார்த்து ‘இது தேக்கு’ என்று சொல்லிவிடுவேன். கதவாவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று தெரியாது. உண்மையில் மரத்தைக் காட்டிக்கொடுத்தவன் மரம்வெட்டி செல்லையன். ஓடைக்கரையில் நீர்மருது, பாறைச் சரிவில் வேங்கை, ஈரப் பள்ளத்தில் சேரு என்று ஒவ்வொன்றும் குடியிருக்கும் இடம் அவனுக்கு அத்துப்படி. அவன் சொல்லச் சொல்ல வளையம் போட்டுவிட்டு, மேனேஜரிடம் போய், “எல்லாம் நானே பாத்துப் பாத்துப் போட்டது சார்” என்பேன்.

எங்கள் பக்கம் மாவிலையைச் சுருட்டிப் பல் விளக்கி, அதன் நடுநரம்பால் நாக்கு வழிப்பது வழக்கம். ஒரு நாள் காலையில் செல்லையன் வருமுன் ஓடைப் பள்ளத்துக்குப் போனேன். அங்கே ஒரு மாமரம் நின்றது. அதாவது, மாமரம் என்று நான் முடிவு செய்தேன். இலை பறித்து நன்றாக அழுத்தி விளக்கினேன். நாக்கும் வழித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மத்தியானத்துக்குள் உதடுகள் இரண்டு முந்திரிக்கொத்துப் பலகார உருண்டை ஆகிவிட்டன. கண் திறக்கவில்லை.

“ஏட்டி தாயம்மை, ஓடி வா! மாவிலைன்னு நெனச்சு சேரு எலையில பல்லு வெளக்கியிருக்காரு!” என்று செல்லையன் தன் பெண்சாதியைக் கூப்பிட்டான். தாயம்மை வந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேரு மரத்தின் பால் பட்டால் உடம்பு வெந்து வீங்கும். அதற்கு அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். சரிவில் நின்ற பெரிய தான்றி மரத்தை ஏழு தரம் சுற்றி, கட்டிப்பிடித்து, ‘சேரு செய்ததை நீ தீர்க்கணும்’ என்று சொல்ல வேண்டும். பிறகு அதன் இலை அவித்த வெந்நீரில் குளியல்.

“நான் சபைக்குப் போற வேதக்காரனாக்கும். மரத்தையெல்லாம் சுத்த மாட்டேன்” என்றேன், வாயில் பாதி வார்த்தை சிக்கிக்கொள்ள.

“அரிப்புக்கு வேதமும் தெரியாது, உத்தியோகமும் தெரியாது சாரே. எந்திரிச்சு வாங்கோ” என்றாள் தாயம்மை.

சாயங்காலம்வரை பொறுத்தேன். பிறகு சுற்றினேன். ஏழுக்கு ஒன்பதாகவே சுற்றினேன். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. மரத்தாலா, வெந்நீராலா, தானாகவேயா என்று இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் தாயம்மை கேட்டாள். “இந்தத் தான்றிக்கும் ஒரு வளையம் போட்டு விட்டுருங்கோ சாரே. இவரு தெனமும் சேருலதான் கோடாலி போடுதாரு. இதும் போயிட்டுன்னா நாங்க எங்க போவோம்?”

“கட்டாயம் போடுதேன்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மேனேஜர் அறைக்கும் போனேன். ஆனால் காரணம் கேட்பாரே? பல் விளக்கிய கதையைச் சொல்ல வேண்டும். நானே பார்த்துப் போட்டதாக அளந்ததெல்லாம் சந்தி சிரிக்கும். மரத்தைச் சுற்றிய சங்கதி ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் போய்ச் சேரும்.

“என்ன வேணும்?” என்றார் மேனேஜர்.

“சுண்ணாம்பு தீந்துபோச்சு சார்” என்றேன்.

கொடுத்தார்.

அடுத்த வாரம் தான்றி விழுந்தது. வெட்டியது செல்லையனேதான்; கூலிக்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தாயம்மை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய் வைத்திருந்தேன், வெட்கங்கெட்டவன்.

மழைக்காலத்தில் செல்லையனுக்குச் சேரு பட்டு முகம் வீங்கி, கண் இரண்டும் மூடிவிட்டன. தாயம்மை அவன் கையைப் பிடித்து அழைத்துவந்து, தான்றியின் அடிக்கட்டையைச் சுற்றவைத்தாள். சுற்றி முடித்ததும் அவன் பழக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

“குனியணும்” என்றாள் தாயம்மை.

நான் சுண்ணாம்பு வாளியோடு பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

போன வாரம் மருந்துப் பொட்டலத்தை வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். சரிவு முழுக்க வரிசை வரிசையாக ரப்பர். சேரு இல்லை, வேங்கை இல்லை, அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். தான்றி எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் செல்லையனும் இல்லை.