உச்சிவெயிலுக்கு எத்தனை வாட்டு

"லைட்டு எத்தன வாட்டு மக்ளே?" என்று கல்யாணப் பெண்ணின் அப்பா மூன்றாவது தடவையாகப் போன் பண்ணிக் கேட்டபோது என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கல்யாணப் படத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் ஆல்பம் எத்தனை பக்கம், டிரோன் உண்டா, வீடியோவுக்கு என்ன பாட்டு போடுவீர்கள் என்றுதான் கேட்பார்கள். பதினெட்டு வருடமாகத் தக்கலையில் ஸ்டுடியோ நடத்துகிறேன். லைட்டுக்கு வாட்டு கேட்ட முதல் மனிதர் இவர்தான்.

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியையே இரண்டு தடவை பார்க்கிறவள் நான். வேறு ஏதோ ஸ்டுடியோக்காரன் என் வாயைக் கிளறுவதற்காக இந்த மனிதரை ஏவிவிட்டிருக்கிறான் என்று கணவரிடம் சொன்னேன்.

"ஏட்டி, உனக்க லைட்டுக்க வாட்டத் தெரிஞ்சிட்டு ஒருத்தன் என்ன செய்யப் போறான்?" என்று அவர் சிரித்தார். அவருக்குச் சந்தேகமே வராது. அதனால் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

உள்ளபடி சொன்னால் என் பயம் வேறு. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கான படத்தை என் ஸ்டுடியோவில்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண். பச்சைச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். மாநிறம் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்கிற பொய், நல்ல கறுப்பு. லட்சணமான முகம். எடுத்து முடித்ததும் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவள் போய்விட்டாள். அப்பா மட்டும் படம் தேர்ந்தெடுக்க நின்றார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "முகத்துல வெளுப்பக் கொஞ்சம் கூட்டு மக்ளே" என்றார். கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். அதையும் செய்தேன். எல்லோரும் செய்வதுதானே என்று அப்போது நினைத்தேன். திரையில் கடைசியாக இருந்த பெண் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தாள்.

அந்தப் படம்தான் கத்தாரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குப் போனது. அவனுடைய அப்பா அம்மா பெண் பார்க்க வந்தது விளக்கு வைத்த பிறகு. அவன் பார்த்ததெல்லாம் வீடியோவில். பெண்ணின் அப்பா வளைகுடாவில் எலக்ட்ரீசியனாக இருந்து திரும்பி, இப்போது இரணியலில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். மகள் வீடியோவில் பேசுகிற அறையில் புதிதாக இரண்டு எல்இடி பட்டைகள் மாட்டிக் கொடுத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. ஆக, மாப்பிள்ளை அவளைப் பகல் வெளிச்சத்தில் நேருக்கு நேர் பார்க்கப்போவதே நான் அவர்களை ஜோடியாகப் படமெடுக்கப்போகிற அன்றுதான். அவன் லீவில் வந்த மூன்றாம் நாள். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பு. படத்தில் பார்த்த பெண் வேறு, இவள் வேறு என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்ணுக்குப் பத்திரிகை அடித்த கல்யாணம் நின்றுபோகும். நிறுத்தியவள் நான் என்று ஆகும். இது நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

போதாததற்கு அவர் குறித்த நேரம் பகல் பன்னிரண்டு. இடம் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர்க்கரை. காலை ஏழு மணி, இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் என்று மன்றாடிப் பார்த்தேன். உச்சிவெயிலில் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், நெற்றி பளபளக்கும். எதையும் அவர் காதில் வாங்கவில்லை. "வெளிச்சம் கூடுதலா உள்ள நேரம்தான் வேணும்" என்றார். இதில் என்னவோ இருக்கிறது என்று நினைத்தேன். என்னவென்றுதான் பிடிபடவில்லை.

என்னிடம் சொந்தமாக இருந்தது இருநூறு வாட்டு-செகண்ட் சக்தியுள்ள பேட்டரி ஃபிளாஷ். கையடக்கமானது, கல்யாண மண்டபத்துக்குள் தாராளமாகப் போதும். நாகர்கோவிலில் தெரிந்த ஒருவரிடம் அறுநூறு இருந்தது. இரண்டு நாளைக்குத் தா என்று வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் அறுநூறு என்று அச்சடித்திருந்தது. அச்சடித்துவிட்டால் ஆயிற்றா? எண்ணூறு என்றுகூட அடிக்கலாமே. மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கணவரை வெள்ளைச் சட்டையோடு மொட்டைமாடியில் நிறுத்தினேன்.

வெயிலோடு மல்லுக்கட்டுகிற விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். சாதாரணமாக ஃபிளாஷ் வேலை செய்ய வேண்டுமென்றால் கேமராவின் ஷட்டரை வினாடியில் இருநூறில் ஒரு பங்குக்கு மேல் வேகமாக்க முடியாது. அப்போது வெயிலைக் குறைப்பதற்கு லென்ஸின் கண்ணைச் சுருக்குவது ஒன்றுதான் வழி. பதினாறு என்ற எண்வரை சுருக்கினால் வானமும் தண்ணீரும் ஒரு படி இறங்கி, வெளிறிக் கிடந்த நீலம் நீலமாகத் தெரியும். ஆனால் முகமும் கூடவே இருட்டிப்போகும். அந்த முகத்தை மட்டும் ஃபிளாஷ் தூக்கி நிறுத்த வேண்டும். பவர் வேண்டியிருப்பது முகத்தை வெளுப்பாக்க அல்ல, வெயிலைக் கறுப்பாக்கிவிட்டு முகத்தை அதன் இடத்திலேயே வைத்திருக்க.

என் இருநூறு ஃபிளாஷை நேராக அடித்தால் எட்டியது. ஆனால் வெளிச்சம் முரடாக விழுந்து, கணவரின் நெற்றி எண்ணெய்ச் சட்டி போல மின்னியது. வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் என்கிற வெள்ளைத்துணிக் கூடாரத்தை மாட்டினேன். துணி பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் ஒரு தலைக்குச் சரி. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் தீர்ந்தது. ஷட்டரை இன்னும் வேகமாக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. யூடியூபில் பலபேர் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். ஃபிளாஷின் பலத்தில் பெரும்பங்கை அது விழுங்குவதை மட்டும் மெதுவான குரலில் சொல்வார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். இருந்ததும் போயிற்று.

பிறகு அறுநூறு. சாஃப்ட்பாக்ஸோடு, நான்கைந்தடி தள்ளி, முழு பலத்தில். பதினாறில் முகம் சரியாக நின்றது. பின்னால் தென்னைகளும் வானமும் அடங்கிக் கிடந்தன. ஒருமுறை அடித்தால் அடுத்ததற்கு மூன்று வினாடி காத்திருக்க வேண்டும். நம்பாமல் இருபது தடவை அடித்துப் பார்த்தேன். "ஏட்டி, நான் வத்தலா ஆகப்போறேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டேன்.

பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, "அறுநூறு" என்றேன்.

"அறுநூறா? எனக்க கடையில உள்ள அயர்ன் பாக்ஸே ஆயிரம் வாட்டு இரிக்குமே மக்ளே" என்றார்.

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு விளக்கினேன். இது அந்த வாட்டு இல்லை. அயர்ன் பாக்ஸ் குழாய்த் தண்ணீர் மாதிரி விடாமல் ஒழுகிக்கொண்டிருப்பது. இது ஒரு வாளி நிறையப் பிடித்து வைத்து, கண்ணிமைக்கிற நேரத்துக்குள் மொத்தமாக வீசி ஊற்றுவது. எலக்ட்ரீசியன் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார்.

"கப்பாசிட்டரு. செரி, செரி. அப்ப முகம் நல்லா வெளுக்கும், இல்லியா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. ஒற்றனும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் கம்ப்யூட்டரில் செய்ததை, உச்சிவெயிலும் பெரிய லைட்டும் சேர்ந்து மாப்பிள்ளையின் கண் முன்னாலேயே செய்துவிடும் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் பன்னிரண்டு மணி, அதற்குத்தான் வாட்டு. அப்படியெல்லாம் நடக்காது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "நல்லா வரும்" என்றேன். படமெடுக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. கேட்பவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குறித்த நாளில் பேச்சிப்பாறையில் ஒரு மேகம் இல்லை. தண்ணீர் கண்ணைப் பறித்தது. கணவர் லைட்டைத் தாங்கிக்கொண்டு காற்றோடு போராடினார். பெண் அரக்குச் சேலையில், முகத்தில் அப்பியிருந்த பவுடரோடு நின்றாள். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திறங்கினான். எனக்கு அந்தக் கண்ணாடியே பிடிக்கவில்லை. எதைப் பார்க்கிறான் என்று தெரியாது அல்லவா? போதாததற்கு இரண்டு மூன்று தடவை செல்போனை எடுத்துப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்க்கிறான் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை.

"ஃபுல் பவரு போடு மக்ளே" என்றார் அப்பா.

போட்டேன். முதல் படத்திலேயே எல்லாம் நான் கணக்குப் போட்டபடி வந்திருந்தது. மலை கருநீலமாக, தண்ணீர் அடர்ந்து, நடுவில் அவள் முகம், பவுடரையும் மீறி, சொந்த நிறத்தில். இத்தனை வருடத்தில் நான் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. அப்பா கேமராவின் பின்திரையைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"இதென்ன பிள்ள? மவ கறுத்துல்லா கிடக்கா? லைட்டு கத்தலியா?"

"கத்துச்சு, நல்லா எரிஞ்சது."

"அப்ப கூட்டு."

லைட்டைக் கூட்ட இடமில்லை. ஆனால் லென்ஸின் கண்ணை இரண்டு படி திறந்தால் போதும், முகம் வெளுத்துவிடும். மலையும் வானமும் சேர்ந்து வெளுத்து நாசமாகும், அவ்வளவுதான். என் விரல் அந்தச் சக்கரத்துக்குப் போய்விட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அக்கா, கூட்டாண்டாம்" என்றாள் அந்தப் பெண்.

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து முகத்து பவுடரை அழுத்தித் துடைத்தாள். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"போட்டோவுல நீங்க பாத்தது நான் இல்ல. அதுக்க மேல வேல பாத்திருக்கு. நான் இதுதான். வேண்டாம்னா இப்பவே எனக்க முகத்தப் பாத்துச் சொல்லுங்கோ. வீட்டுக்குப் போயி ஆளு விட்டுச் சொல்லாண்டாம்."

அப்பா "ஏட்டி" என்று அதட்டினார். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினான். செல்போனைத் திறந்து அவளிடம் நீட்டினான். நான் செய்து கொடுத்த அதே படம்.

"கையப் பாரு" என்றான்.

நானும் எட்டிப் பார்த்தேன். முகமும் கழுத்தும் வெள்ளையாக இருந்தன. பச்சைச் சேலை மடியில் கோத்து வைத்திருந்த கைகள் இரண்டும் நல்ல கறுப்பு.

"முகத்த மாத்துனவங்க கைய விட்டுட்டாங்க" என்றான். "அங்க ரூம்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சானுவ. எங்க அம்மைக்கிட்ட நான் அண்ணைக்கே சொல்லியாச்சு, இந்தக் கை உள்ள பிள்ள போதும்னு. இப்பவும் கைக்கும் முகத்துக்கும் பொருந்துதான்னுதான் பாத்துட்டு நின்னேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, வெட்கம். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற நான் என் வேலையைச் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறேன். அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அப்பா அங்கே இல்லை. மேட்டில் ரப்பர் மரங்களின் நிழலில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் மேலே ஏறினாள். நான் ஏன் பின்னாலேயே போனேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

"உங்க அம்மைக்க நெறம் உனக்கு வந்திருக்கப்பிடாதா?" என்று அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்க நெறம் வந்து ஒட்டிப்போச்சு. நீ பெறந்த அண்ணையிலேருந்து எனக்கு அதுதான் வெசனம். என்னக்கொண்டு உனக்கு ஒரு கெடுதி வந்துரப்பிடாதுன்னு…"

"உங்க மவளுக்கு உங்க நெறம் வராம, பின்ன யாருக்க நெறம்ப்பா வரும்?" என்றாள் அவள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்தார், திரும்பவும் துடைத்தார். நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"வேர்ப்பு மக்ளே" என்றார். "என்னா வெயிலு."

நிழலில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் நம்பவில்லை.