அப்பாவின் சிலிப்பர்

குடிப்பழக்கம் இருந்த ஒருவரோடு குழந்தையை அனுப்பலாமா? உங்களிடம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவின் ஜெஞ்சாரோமில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்பு காவல் நிலையத் தலைவராக இருந்தவர். மனைவி இறந்தபின் குடி அதிகமாகி வேலையை விட்டவர். நாங்கள் அவரோடு பேசுவதில்லை.

சென்ற மாதம் ஒரு மதியம், கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்தால் நான்கு வயது மகளைக் காணவில்லை. அலறிக்கொண்டு பின்பக்கக் கால்வாய்க்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"அழாதம்மா. வாசல்ல யாரு சிலிப்பர் இல்ல?"

மகளுடையது இருந்தது. கணவருடையதைக் காணோம்.

"அவ்ளோ பெரிய சிலிப்பர்ல எவ்ளோ தூரம் போவா? கால்வாய்ப் பக்கம் சேத்துல தடமே இல்ல. சமையல் வாசன வருதே, இன்னிக்கு யாரு வீட்ல விருந்து?"

எதிர்வரிசை மலாய்க்காரர் வீட்டில் கெண்டூரி. இருவரும் அங்கே ஓடினோம். வாசலில் குவிந்த செருப்புகளுக்கு நடுவே கணவரின் நீலச் சிலிப்பர் கிடந்தது. உள்ளே மகள் கோழி தின்றுகொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்களும் சாப்பிட வந்தீங்களா?"

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நேற்று முகம் மழித்து, தேய்த்த சட்டையோடு வந்தார். "அன்னியிலேர்ந்து தொடலம்மா. பாப்பாவ பாலர் பள்ளிக்கு நான் கூட்டிட்டுப் போவட்டா? நீ கைப்புள்ளயோட அலையுற லா."

"அவருகிட்ட கேட்டுச் சொல்றேன் அங்கிள்" என்றேன். கணவரோ, "உன் இஷ்டம்" என்கிறார்.

மனம் சம்மதிக்கிறது, பயம் விடவில்லை. அவர் மறுபடி குடித்தால்? நான் மறுப்பதாலேயே குடித்தால்? பிள்ளை வளர்த்தவர்களே, என் இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்.